மாட்டுக்குத் தோட்டத்துக் கழிவு: பிரியத்தில் செய்யும் தவறுகள்

பண்ருட்டிப் பக்கம் பலா சீசன் வந்தால் சுளை எடுத்த தோலும் சடையும் கூடை கூடையாக மிஞ்சும். அதை அப்படியே தொட்டியில் கொட்டிவிடுகிறோம். மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியவை. திடீரென்று சர்க்கரையோ மாவோ நிறைய உள்ளே போனால் அமிலம் ஏறி, அசைபோடுவது நின்று, சாணம் தண்ணியாகப் போகும்; முற்றினால் மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பானைச் சோற்றை ஊட்டுவதிலும் இதே ஆபத்துதான். ஒரு கை பொங்கல், ஒன்றிரண்டு வாழைப்பழம் போதும். பலாத் தோலை நறுக்கி, முதலில் வைக்கோல் தின்னவிட்டு, பிறகு கொஞ்சமாகப் போடுங்கள். புளித்துப்போனதும் பூசணம் பிடித்ததும் எருக்குழிக்குப் போகட்டும்.

மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் வளைத்து இழுத்து, சரியாக மெல்லாமலே விழுங்கும். மெல்வதெல்லாம் பிறகு அசைபோடும்போதுதான். அதனால் மாங்கொட்டை, முழு உருளைக்கிழங்கு, உதிர்ந்த மாம்பிஞ்சு எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஏப்பம் வெளியே வர வழியில்லை. எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டி நீட்டி இருமும், இடது பக்க வயிறு மத்தளம்போல் உப்பும். அப்போது குச்சியை விட்டுத் தள்ளுவதோ எண்ணெய் ஊற்றுவதோ கூடவே கூடாது. கடலூர் மாவட்டத்தில் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அரளிதான். பூஜைக்கென்று வளர்க்கிறோம், கிளை நீண்டதும் கழித்துத் தெருவோரம் போட்டுவிடுகிறோம். பச்சையாக இருக்கும்போது கசப்புக்குப் பயந்து மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வாடிக் காய்ந்து மற்ற தழையோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். காய்ந்தாலும் விஷம் போகாது. ஒரு கைப்பிடி இலையே இதயத்தை நிறுத்தப் போதும். கழித்த அரளியைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், எரிக்கவும் வேண்டாம். ஆமணக்கு, உண்ணிச்செடி, வாய்க்கால் கரையெங்கும் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இவையும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

பச்சை மரவள்ளித் தழையில் சயனைடு விஷம் உண்டு. அழுகின வெங்காயத்தை மூட்டையாகக் கொட்டினால் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். மருந்தடித்த கத்தரி, வெண்டைச் செடியைப் பிடுங்கின கையோடு போடாதீர்கள்.

பயமில்லாமல் கொடுக்க வாழைத்தண்டு, முருங்கைத் தழை, அகத்தி என்று நம் தோட்டத்திலேயே நிறைய இருக்கிறது. அமாவாசைக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பவர்கள் கட்டைப் பிரித்து, ரப்பர் பேண்டையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொண்டு கீரையை மட்டும் நீட்டுங்கள்.