ஆப்பிரிக்க மொழிகள், சமூகங்கள் பத்தின ஆய்வுகளை படிக்க ஆரம்பிக்கிறது எப்படி

முதல்ல ஒன்னு, "ஆப்பிரிக்கக் கலாச்சாரம்"னு தேடி ஆரம்பிக்காதீங்க. 54 நாடு, கிட்டத்தட்ட 2000 மொழி, நைஜீரியால மட்டுமே 500க்கு மேல, இத்தனையையும் ஒரே மூச்சுல பேசற கட்டுரை பெரும்பாலும் பொத்தாம்பொதுவாத்தான் போகும். ஒரு மொழிய எடுங்க, இல்ல ஒரு ஊர எடுங்க. நைஜீரியாவோட யோருபாவோ, செனகலோட வோலோஃபோ, எத்தியோப்பியாவோட அம்ஹாரிக்கோ, கென்யா தலைநகர் நைரோபில இளசுங்க பேசற ஷெங்கோ, எதுவா இருந்தாலும் சரி, கொஞ்ச நாள் அதுலயே நில்லுங்க. பெரிய கேள்வியெல்லாம் அந்த சின்ன இடத்துலயே வந்து நிக்கும்.

தேடறப்போ ஒரு விஷயம். பாண்டுங்கிறது ஆப்பிரிக்காவோட நடுவுலயும் கிழக்குலயும் தெக்குலயும் பேசற ஒரு பெரிய மொழிக் கூட்டம், அந்த மொழிகளுக்கு முன்னொட்டோட ஒரு பேரு இருக்கும், அது இல்லாம ஒரு பேரு இருக்கும். சுவாஹிலியும் கிசுவாஹிலியும் ஒன்னுதான், ஜூலுவும் இசிஜூலுவும் ஒன்னுதான். ரெண்டு பேரையும் போட்டு தேடுங்க, இல்லன்னா பாதி கட்டுரை கண்ணுலயே படாது.

கட்டுரை கிடைச்சதும் முடிவுரைக்கு ஓடாதீங்க, ஆய்வுமுறை பகுதிக்கு போங்க. அங்க பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னு, அந்த ஆய்வாளர் மக்கள்கிட்ட எந்த மொழியில பேசினார்? நேரா அவங்க மொழியிலயா, மொழிபெயர்ப்பாளர் வச்சா, இல்ல இங்கிலீஷ் ஃபிரெஞ்ச் தெரிஞ்சவங்கள மட்டும் பாத்துட்டு வந்துட்டாரா? என்னைக் கேட்டா ஒரு ஆய்வோட தரத்துல பாதி இதுலயே தெரிஞ்சிடும். குடும்பம், அதிகாரம், மதம் மாதிரி விஷயத்தையெல்லாம் வெளியிலருந்து கொண்டுவந்த சொல்லுல கேட்டா, பதிலும் அந்த சொல்லுக்குள்ள அடங்கறமாதிரிதான் வரும்.

இது எவ்வளவு ஆழமா போகும்னு பாக்கணும்னா நைஜீரிய சமூகவியலாளர் ஓயேரோன்கே ஓயேவூமி 1997ல வெளியிட்ட புத்தகத்துக்கு போங்க. யோருபால அவன் அவள்னு பிரிக்கிற பிரதிப்பெயர் கிடையாது, வயசுல மூத்தவங்களா இளையவங்களாங்கிறதுதான் மொழியில முக்கியம், அதனால "பெண்"ங்கிற தனி சமூக வகையே காலனி ஆட்சியோடதான் அங்க வந்துச்சுன்னு அவங்க வாதம். படிச்சா அசந்துடுவீங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க, பிபி பகாரே யூசுஃப்னு இன்னொரு நைஜீரிய அறிஞர் இதுக்கு எழுதின மறுப்பையும் படிங்க. மொழியில ஒரு வேறுபாடு இல்லங்கிறதால வாழ்க்கையிலயும் அந்த அதிகாரம் இல்லன்னு சொல்லிட முடியுமான்னு கேக்கறாங்க. இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கிற அனுபவம் எந்த அறிமுகப் புத்தகத்துலயும் கிடைக்காது, ஆப்பிரிக்க அறிஞர்கள் தங்களுக்குள்ள பண்ற விவாதம்தான் இந்தத் துறையோட உயிரு.

அடுத்து வருஷத்த பாருங்க. அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963ல ஆப்பிரிக்க மொழிகள நாலு குடும்பமா பிரிச்சார், நைஜர் காங்கோ, ஆஃப்ரோ ஆசியாட்டிக், நைலோ சஹாரன், கோய்சான்னு. இன்னைக்கும் நிறைய இடத்துல அது அப்படியே வருது, ஆனா கோய்சான் ஒரே குடும்பம்ங்கிறத இப்ப பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கறதில்ல, நைலோ சஹாரன் பத்தியும் சண்டை ஓயல. ஒரு கட்டுரை இந்த நாலையும் கேள்வியே இல்லாம வச்சிட்டு போனா கொஞ்சம் உஷாரா படிங்க.

மொழியோட எல்லையும் இப்படித்தான். ஷோனானு இன்னைக்கு சொல்றோமே, ஜிம்பாப்வே மொழி, அதோட எழுத்து வடிவத்த ஒன்னா கோத்தது 1931ல மொழியியலாளர் கிளெமென்ட் டோக் தெற்கு ரொடீசியா (இன்னைக்கு ஜிம்பாப்வே) அரசாங்கத்துக்கு கொடுத்த அறிக்கை. பேச்சுவழக்குகள் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, அதெல்லாம் ஒரே மொழி, அத இப்படி எழுதணும்னு முடிவானதுல மிஷனரிகளுக்கும் நிர்வாகத்துக்கும் பங்கு இருக்கு. "பழங்குடி"ங்கிற சொல்லும் அதே கதை, தென்னாப்பிரிக்க மானுடவியலாளர் ஆர்ச்சி மஃபேஜே 1971லயே இத போட்டு உடைச்சிட்டார். இன்னும் அந்த சொல்ல யோசிக்காம போடற கட்டுரையப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது.

"ஆப்பிரிக்கால எல்லாம் வாய்மொழிதான், எழுத்தே கிடையாது"ன்னு எங்க வந்தாலும் நம்பாதீங்க. எத்தியோப்பியால கீஸ் எழுத்து ரொம்ப பழசு, மேற்கு ஆப்பிரிக்கால ஹவுசா, ஃபுலானி, வோலோஃப் எல்லாத்தையும் அரபு எழுத்துல எழுதின அஜமி மரபு இருக்கு, லைபீரியால வை (Vai)ங்கிற மொழிக்கு சொந்த எழுத்து இருக்கு, 1949ல சொலோமானா கான்டே மாண்டிங் மொழிகளுக்காக உருவாக்கின ங்கோ எழுத்த இன்னைக்கும் பயன்படுத்தறாங்க.

எங்க கிடைக்கும்னா, ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்னு ஒரு தளம் இருக்கு, ஆப்பிரிக்காலயே வெளிவர்ற ஆய்விதழ்கள் அங்க இருக்கு, நிறைய கட்டுரைய இலவசமாவே இறக்கிக்கலாம். செனகல் தலைநகர் டாக்கர்ல 1973லருந்து இயங்கற கோடெஸ்ரியாங்கிற (CODESRIA) சமூக அறிவியல் ஆய்வு அமைப்போட வெளியீடுகளையும் பாருங்க. வரலாறு தேவைன்னா யுனெஸ்கோவோட ஆப்பிரிக்கப் பொது வரலாறு, முதல் எட்டு தொகுதியும் இணையத்துல இலவசம். செனகல், ஐவரி கோஸ்ட், காங்கோ பத்தின முக்கியமான வேலை நிறைய ஃபிரெஞ்சுலதான் இருக்கு, மொழிபெயர்ப்பு கருவி வச்சாவது படிங்க, இங்கிலீஷ்ல இருக்கறது மட்டுமே ஆப்பிரிக்கா ஆயிடக்கூடாது.

கடைசி பக்கத்துல இருக்கிற மேற்கோள் பட்டியலையும் விடாதீங்க. பெனின் நாட்டு தத்துவ அறிஞர் பாலின் ஹுன்டோன்ஜி ஒரு விஷயத்த திரும்ப திரும்ப சொன்னார், தகவல் ஆப்பிரிக்காலருந்து கச்சாப்பொருளா வெளிய போகுது, கோட்பாடு வெளிநாட்டுல தயாராகி திரும்பி வருதுன்னு. அதனால ஆப்பிரிக்க அறிஞர்கள் பேரு இருக்கான்னு மட்டும் எண்ணாதீங்க, அவங்க கோட்பாட்ட எடுத்து விவாதிக்கிறாங்களா, இல்ல தகவல் கொடுத்த ஆளா ஓரமா நிறுத்திட்டாங்களான்னு பாருங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா பள்ளிக்கூட மொழிதான் நான் சொல்லுவேன். 1970ல கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில நைஜீரியாவோட இஃபே ஊர்ல ஆரம்பிச்ச திட்டத்துல ஆறு வருஷ ஆரம்பக் கல்விய யோருபாலயே கொடுத்து இங்கிலீஷ ஒரு பாடமா மட்டும் சொல்லிக்கொடுத்தாங்க, அந்தப் பசங்க இங்கிலீஷ்லயும் பின்தங்கல. டான்சானியால ஆரம்பப் பள்ளி சுவாஹிலில போய் இடைநிலைப் பள்ளிக்கு வந்ததும் இங்கிலீஷுக்கு மாறுது. தென்னாப்பிரிக்கால 2023லருந்து சைகை மொழியும் சேந்து 12 ஆட்சிமொழி, ஆனா நிறைய பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்புலயே பாடம் இங்கிலீஷுக்கு போயிடுது. இந்த மூனு இடத்துக்கும் இடத்துக்கு ஒரு கட்டுரையா எடுத்து, யாரு கேட்டாங்க, எந்த மொழியில கேட்டாங்க, பெத்தவங்க என்ன சொன்னாங்க, அந்தப் பேச்ச ஆய்வாளர் எப்படி எடுத்துக்கிட்டார்னு ஒரு நோட்டுல நாலு பத்தி போட்டு எழுதிட்டே படிங்க.