காருக்குக் குளிர்காற்றுக் குழாய், சத்தமில்லாமல்

இன்ஜினுக்குச் சூடில்லாத வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் போட, முதல் தடவை நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். காரோடு வந்த ஏர் பாக்ஸை (காற்று பில்டர் இருக்கும் டப்பாவை) கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வளைந்த அலுமினியக் குழாயும் அதன் முனையில் கூம்பு பில்டரும் மாட்டினேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பானட்டுக்கு அடியில் யாரோ குறட்டை விடுவது மாதிரி ஒரு உறுமல். நண்பர்கள் கைதட்டினார்கள். பின் சீட்டில் இருந்த அம்மா மட்டும், "வண்டிக்கு நெஞ்சுச்சளியாடா?" என்று கேட்டார். அரை மணி நேரம் ஓட்டியதும் எனக்கே தலை வலித்தது. அதைவிடக் கொடுமை, காரின் கணினி அளப்பதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் இன்ஜினுக்குள் போகிற காற்று முன்பைவிட 9 டிகிரி சூடு. பில்டர் உட்கார்ந்திருந்த இடம் ரேடியேட்டருக்கு நேர் பின்னால். குளிர்காற்று என்று பேர் வைத்து அனல்காற்றை ஊட்டியிருக்கிறேன்.

என் பிழைப்பு கட்டடங்களுக்கு ஏசி டக்ட் போடுவது. இருபது வருஷமாக இதே வேலை. காற்று எந்தக் குழாய் வழியாக வருகிறதோ, சத்தமும் அதே குழாய் வழியாகத்தான் வரும் என்பது எங்கள் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் சொந்தக் காரில் கோட்டை விட்டதுதான் வெட்கம். இன்ஜினில் ஒவ்வொரு இன்டேக் வால்வும் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடுகிறது. அந்த இழுப்பின் துடிப்பு எதிர்த்திசையில் வெளியே வருகிறது. ஏர் பாக்ஸ் என்பது சும்மா பில்டர் வைக்கிற டப்பா இல்லை, அது ஒரு சைலன்சர். அதைத் தூக்கி எறிந்தால் உறுமத்தானே செய்யும்?

ஆகவே இரண்டாம் தடவை ஏர் பாக்ஸையும் காகித பில்டரையும் அப்படியே திரும்ப மாட்டினேன். கை வைத்தது பில்டருக்கு முன்னால் இருக்கிற குழாயில் மட்டும். அதை நான் மூக்கு என்பேன். இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. பில்டருக்கு முந்தின பகுதியில் ஒரு இணைப்பு சரியாக உட்காராவிட்டாலும் தூசி இன்ஜினுக்குப் போகாது. உள்ளே போகும் காற்றை அளக்கிற எம்ஏஎஃப் சென்சார், இன்ஜின் அடிப்பகுதியின் ஆவியைக் கொண்டுவரும் கிராங்க்கேஸ் ஹோஸ் எல்லாம் பில்டருக்குப் பிந்தின பகுதியில் இருப்பவை. அவற்றைத் தொடவே தேவையில்லை. எம்ஏஎஃப் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவுக்கும்) நடுவில் சின்ன ஓட்டை விழுந்தாலே, அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐடில், அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற ஓட்டம், ஆட்டம் காணும். எண்ணெய் தடவிய பில்டர் என்றால் அந்த எண்ணெய் சென்சாரின் சூடான கம்பியில் படியும். அந்த வம்பெல்லாம் நமக்கு எதற்கு.

இதில் என்ன கிடைக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60 டிகிரி காற்றுக்குப் பதில் 35 டிகிரி காற்று போனால், அடர்த்தி சுமார் 8 சதவீதம் கூடும். அதற்காக இன்ஜின் சக்தியும் அப்படியே 8 சதவீதம் ஏறாது. உள்ளே போகிற வழியில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில் காற்று மறுபடி கொஞ்சம் சூடேறும். அப்புறம், பாதி மிதித்து ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைவாகத் திறப்பீர்கள், அவ்வளவுதான். முழுதாக மிதித்து ஏற்றம் ஏறும்போதோ லாரியை முந்தும்போதோதான் தெரியும். ரேஸ் கார் ஆகிவிடும் என்று நினைத்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் அளந்து வையுங்கள். ஐஏடி என்று ஸ்கேனரில் ஒரு வரி வரும், அதுதான் உள்ளே போகும் காற்றின் வெப்பம். நிற்கும்போது ஒன்று, பத்து நிமிஷம் ஒரே வேகத்தில் ஓடிய பிறகு ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அளவு, காற்றை இழுக்க இன்ஜின் படுகிற சிரமம். ஏர் பாக்ஸிலிருந்து சீட் வரை எட்டுகிற, ஒளி ஊடுருவும் மெல்லிய டியூபை யு வடிவில் ஒரு பலகையில் ஒட்டி, பாதிக்குக் கலர் தண்ணீர் ஊற்றினேன். ஏர் பாக்ஸில் பில்டருக்கு முந்தின பக்கத்தில் 4 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு முனையை அதில் செருகினேன், இன்னொரு முனை காருக்குள் திறந்தபடி. மச்சான் பக்கத்து சீட்டில் பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். காலியான நேர்ச்சாலையில் இரண்டாவது கியரில் முழு மிதி, 6000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 6000 சுற்று). "பதினொன்னு மாமா!" என்று கத்தினான். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் 11 சென்டிமீட்டர் தண்ணீர் வித்தியாசம். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல் அழுத்தம். ஓட்டுகிறவர் தானே பார்க்கக் கூடாது, ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் துளையை ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிடுங்கள்.

இனி அளவு. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். மூக்கை அகலமாக்கினால் காற்று சுலபமாக வரும், சத்தமும் சுலபமாக வெளியே வரும். ஏர் பாக்ஸின் கொள்ளளவும் மூக்கும் சேர்ந்துதான் சத்தத்தை வடிகட்டுகின்றன. அதில் கணக்கில் வருவது மூக்கின் குறுக்குப் பரப்பை நீளத்தால் வகுத்த எண். ஆகவே அகலத்தைக் கூட்டினால் நீளத்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். என் காரில் பழைய மூக்கு உள்விட்டம் 45 மில்லிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர். 60 மில்லிமீட்டருக்குப் போனால் பரப்பு 1.78 மடங்கு. அப்படியானால் நீளம் 53 சென்டிமீட்டர். குட்டையான தடித்த குழாய் வைத்தவர்கள் காரெல்லாம் உறுமுவது இதனால்தான். 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 60 தாராளம். முழு வேகத்தில் காற்று விநாடிக்கு 18 மீட்டர் அளவில்தான் ஓடும்.

மூக்கின் வாய் எங்கே இருக்க வேண்டும்? ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லின் மேல் விளிம்பை ஒட்டி, பானட் பூட்டு இருக்கும் உயரத்தில். கீழே பம்பருக்குள் அல்லது சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கினால் காற்று இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் ஒரு தடவை இறங்கினால் கதை முடிந்தது. தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அது இடம் கொடுக்காமல் நிற்கும், பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தெரிந்த மெக்கானிக் ஒருவர் அப்படி வளைந்த ராடு ஒன்றை மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார். அதைப் பார்த்தவன் மூக்கைக் கீழே இறக்க மாட்டான். வாய்க்கும் ரேடியேட்டர் தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை ஸ்பாஞ்ச் பட்டையால் அடையுங்கள். இல்லையென்றால் நிற்கும்போது ரேடியேட்டரின் அனல் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து வாய்க்குள் போகும்.

குழாய்க்கு நான் எடுத்தது பிவிசி. 80 டிகிரியை நெருங்கினால் அது இளகும், அதனால் இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் காரில் வேறு வழியே இல்லையென்றால் சூடு தாங்கும் ரப்பர் ஹோஸ் எடுங்கள். அலுமினியம் பார்க்க அழகு, சூட்டையும் சத்தத்தையும் ஒருசேரக் கடத்தும். உள்ளே வரிவரியாக இருக்கிற மடிப்பு ஹோஸ் காற்றைத் தடுக்கும், சிலது சீழ்க்கையும் அடிக்கும்.

வளைக்கிற விதம்: ஒரு முனையைத் துணியால் இறுக்கி அடைத்து, காய்ந்த மணலை நிரப்பித் தட்டித் தட்டி இறக்குங்கள். ஈர மணல் வேண்டாம், உள்ளே ஆவி கட்டும். மறு முனையையும் அடைத்துவிட்டு, வளைய வேண்டிய இடத்தில் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். அவசரப்படக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் பளபளப்பு மங்கி, கையில் ஒரு தளர்வு தெரியும். அப்போது மெதுவாக வளைத்து, ஈரத் துணி போட்டு ஆறும்வரை அசையாமல் பிடியுங்கள். மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிவிசி கருகினால் வருகிற புகை தொண்டையை அரிக்கும், நல்லதும் இல்லை. என் முதல் குழாய் கருகித்தான் போனது.

வாய் விளிம்பு நேராக வெட்டியபடி இருக்கக் கூடாது. டக்ட் வேலையில் கூர் விளிம்பு என்றாலே சத்தமும் இழப்பும்தான். முனை 3 சென்டிமீட்டரைச் சூடாக்கி, கவிழ்த்து வைத்த உருண்டை அடிக் கிண்ணத்தின் மேல் அழுத்தினேன். புனல் மாதிரி விரிந்தது. உப்புத்தாளால் உள்விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். இலை, குப்பை உள்ளே போகாமல் ஒரு அகலக் கண் வலை. குழாயின் தாழ்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் வடிய 5 மில்லிமீட்டர் துளை ஒன்று.

இவ்வளவும் செய்து ஓட்டினால் கார் அமைதிதான், ஆனால் 3100 ஆர்பிஎம் வரும்போது மட்டும் காதை அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை காற்று இழுபடும். 3100 என்றால் விநாடிக்கு 103 துடிப்பு. அந்தத் துடிப்பை விழுங்க ஒரு பக்க அறை வேண்டும், ரிசோனேட்டர் என்பார்கள். பழைய மூக்கில் புரியாமல் தொங்கிக்கொண்டிருக்குமே ஒரு வெற்று டப்பா, அதே சரக்கு. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 24 சென்டிமீட்டர் வெட்டி இரு பக்கமும் மூடினால் 2 லிட்டர் வரும். அதில் உள்விட்டம் 25, நீளம் 50 மில்லிமீட்டரில் ஒரு கழுத்து ஒட்டினால் விநாடிக்கு 100 துடிப்பில் அது அதிரும். ஒட்டி முடித்ததும் பாட்டில் வாயில் ஊதுவதுபோல் கழுத்தின் குறுக்கே ஊதி, போனில் சுருதி பார்க்கும் ஆப்பில் எண்ணைப் பாருங்கள். உதடு துளையைக் கொஞ்சம் மறைப்பதால் சற்றுக் குறைத்துக் காட்டும். எண் ஏற வேண்டுமென்றால் கழுத்தைத் துளித்துளியாகக் குறையுங்கள். மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரைத் துடிப்பு, 3100க்கு 78 தான். அறை இன்னும் பெரிதாக வேண்டும்.

இந்த அறையை முதலில் இடம் இருந்ததே என்று வாய்க்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு பயனும் இல்லை. வாய்ப் பக்கம் அழுத்தத் துடிப்பு குறைவு, அங்கே விழுங்க ஒன்றும் இருக்காது. ஏர் பாக்ஸை ஒட்டி நகர்த்தியதும் ரீங்காரம் போன இடம் தெரியவில்லை.

மூக்கை ஏர் பாக்ஸோடு சேர்க்க சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு இரு பக்கமும் ஹோஸ் கிளாம்ப். குழாய் முனைக்கும் பாக்ஸுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள், மெல்லிய ரப்பர் அங்கே பறை மாதிரி அதிரும். குழாய் எந்த இடத்திலும் பாடியைத் தொடக் கூடாது. பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் ரப்பர் வையுங்கள். ஏர் பாக்ஸின் அகலமான தட்டைப் பக்கத்தில் வெளியே அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒன்றை ஒட்டினால் மிச்ச சத்தமும் அடங்கும். உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பில்டருக்குப் பிந்தின பக்கத்தில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள், சூட்டில் உதிர்ந்து நேராக இன்ஜினுக்குள் போகும்.

மறுபடி மச்சானும் தண்ணீர் டியூபும். 11 இருந்த இடத்தில் 4. ஓட்டத்தில் காற்றின் சூடு 58லிருந்து 40க்கு இறங்கியது. அன்று வெளியே 34. சிக்னலில் நின்றால் இப்போதும் ஏறத்தான் செய்கிறது, அதற்கு மருந்து கிடையாது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் தூங்கிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கிளாம்புகளை ஒரு தடவை இறுக்குங்கள், அறையின் ஒட்டு விட்டிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பழைய மூக்கைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது டிக்கியில் ஒரு பையில் கிடக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது இரண்டு போல்ட்டைக் கழற்றி அதையே மாட்டிக் கொடுக்கிறேன்.