புராஸ்டேட் வீக்கத் தொல்லைக்குத் தாவர உணவு: எது, எவ்வளவு, எந்த நேரத்தில்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கினால், எந்த விதையும் காயும் அதைச் சுருக்காது. இரவில் எழுவது, அவசரம், முக்கிப் போவது போன்ற தொல்லைகளைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். வீக்கம்தான் காரணம், புற்றுநோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இதைத் தொடங்குங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கலந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைதான்.

படி 1: அளந்து எழுதுங்கள்

மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். 3 நாள், ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் குறியுங்கள். மொபைல் செயலியைவிடக் கழிவறைக் கதவில் தொங்கும் தாளும் பென்சிலும் மேல். அரைத் தூக்கத்தில் யார் போனைத் தேடுவது? இரவு அளவோடு காலையில் எழுந்ததும் போவதையும் கூட்டிப் பாருங்கள். அது முழு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவில் சிறுநீர் அதிகம் சுரக்கிறது என்று பொருள். கால் வீக்கம், குறட்டையோடு மூச்சுத் தடை, சர்க்கரை என்று காரணம் வேறாக இருக்கலாம். பரங்கி விதை அதற்கு உதவாது.

படி 2: நார்ச்சத்தும் தண்ணீரும்

பலர் சறுக்கும் இடம் இதுதான். மலம் கட்டினால் நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், அவசரம் கூடும். அதனால் காய்கறி, பருப்பு, முழுத்தானியம் தேவை. ஆனால் ஆளி விதைப் பொடியை இரவில் சாப்பிட்டுவிட்டு, எழ வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்தால் பொடி உள்ளே இறுகும்; மலச்சிக்கல் முன்பைவிட மோசமாகும்.

பொடியைக் காலைக்கு மாற்றுங்கள். 1 தேக்கரண்டியில் தொடங்கி, வாரம் ஒரு தேக்கரண்டியாக 3 வரை ஏற்றலாம். கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். முழு விதை அப்படியே வெளியேறிவிடும், அரைத்துத்தான் சாப்பிட வேண்டும். மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

நாளின் 1.5 முதல் 2 லிட்டரில் பெரும்பகுதியை மாலைக்குள் குடித்துவிட்டு, படுக்கப் போகும் முன் 2-3 மணி நேரம் நிறுத்துங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவே கணக்கு. மதியத்துக்குப் பிறகு காபி, தேநீர் வேண்டாம்.

படி 3: பரங்கி விதை

ஜெர்மனியில் 1,400-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் 12 மாதம் நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குத் தினம் இருவேளை, வேளைக்கு 5 கிராம் விதை கொடுத்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட விதை ஓரளவு நல்ல பலன் தந்தது. விதைச் சாற்று மாத்திரை தரவில்லை. எனவே விதையையே வாங்குங்கள், உப்புச் சேர்க்காததாக. கைப்பிடிக் கணக்கு எளிதில் ஏறிவிடும். தராசில் ஒருமுறை 5 கிராமை நிறுத்து, அது கொள்ளும் கரண்டியைப் பழக்கிக்கொள்ளுங்கள். பலன் மாதக்கணக்கில்தான் தெரியும்.

படி 4: தக்காளி

எண்ணெயில் வதக்கினால் தக்காளியின் சிவப்பு நிறப்பொருளான லைக்கோபீன் நன்றாக உடலில் சேரும். புராஸ்டேட் தொல்லைக்கான சான்று மெலிது. சாதாரணச் சமையலில் சேர்ப்பதே போதும்.

சா பால்மெட்டோ என்ற பனை வகையின் பழச்சாற்று மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். 2006, 2011-இல் வெளியான இரு பெரிய அமெரிக்க ஆய்வுகளிலும் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை; இரண்டாவதில் மும்மடங்கு அளவு கொடுத்தும் பயனில்லை.

3 மாதம் கழித்து மறுபடி 3 நாள் தாள் எழுதி, பழையதோடு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் திடீரென அடைக்கிறது என்பவர்கள் சளி மருந்தின் அட்டையைப் பார்க்கவும். மூக்கடைப்பு நீக்கும் சூடோஎஃபெட்ரினும் தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும். தக்காளி சாப்பிட்ட நாளில் அவசரம் கூடினால் 2 வாரம் விட்டுப் பாருங்கள். அதன் புளிப்பு சிலரின் சிறுநீர்ப்பையை உறுத்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விதை, தக்காளி இரண்டின் பொட்டாசியத்தையும் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.