மொத கூட்டத்துக்கு அறுபது பேர், அடுத்ததுக்கு நாலு பேர்: விக்கி கிளப்புல நாம பண்ற தப்புங்க

காலேஜ் பசங்க ஒண்ணா கூடி விக்கிப்பீடியாவுல எழுதற குழுதான் விக்கி கிளப். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ்ல விக்கிப்பீடியா பட்டறைன்னு கூப்பிட்டாங்க, போனேன். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, அவருக்கு நன்றி சொல்ல இன்னொருத்தர், எல்லாம் முடிஞ்சு லேப்புக்குள்ள நுழையறப்போ மணி பன்னெண்டே கால், ஒரு மணிக்கு சாப்பாடு. அறுபது பசங்க. எல்லாரும் கணக்கு தொடங்குங்கன்னு சொன்னேன், ஆறு பேருக்கு கிடைச்சுது, ஏழாவது பொண்ணு "சார், எர்ரர் வருது"ன்னு கை தூக்குச்சு, அப்புறம் வரிசையா எல்லாக் கையும் மேல. ஒரே ஐபி முகவரியிலேருந்து, அதாவது ஒரே இன்டர்நெட் இணைப்போட நம்பர்லேருந்து, ஒரு நாளைக்கு 6 புதுக் கணக்குக்கு மேல விக்கி விடாது, ஸ்பேம் பண்றவங்களத் தடுக்க வெச்ச பூட்டு அது, காலேஜ் லேப் எத்தன பெருசா இருந்தாலும் வெளியிலேருந்து பாத்தா பெரும்பாலும் ஒரே ஐபிதான். எனக்கு இது தெரியும். மறந்துட்டேன், அவ்ளோதான். அன்னிக்கு அம்பத்திநாலு பேர் சும்மா உக்காந்து பக்கத்து ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு சாம்பார் சாதம் சாப்பிடப் போனாங்க.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள். முந்தின நாள் ராத்திரியே அவங்கவங்க போன் டேட்டாவுல கணக்கு தொடங்கிட்டு வரச் சொல்லுங்க. இல்ல பட்டறைக்கு ஒரு வாரம் முன்னாடியே லேப் ஐபிய வாங்கி அந்த வரம்ப தளர்த்தச் சொல்லி விக்கிப்பீடியாவ நடத்தற விக்கிமீடியாவோட டெக்னிக்கல் ஆளுங்ககிட்ட கோரிக்கை வைக்கலாம், செஞ்சு தருவாங்க, ஆனா அன்னிக்குக் காலையில போய் கேட்டா நடக்காது. இன்னொண்ணு, பேர் வைக்கிறப்போ "தமிழ்த்துறை2ஆம்ஆண்டு" மாதிரி மொத்த கிளாஸுக்கும் ஒரே கணக்கு தொடங்குவாங்க, அது கூடாது, ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு, இல்லன்னா தடை பண்ணிடுவாங்க.

டைப்பிங்கயும் இங்கயே சொல்லிடறேன். லேப் கம்ப்யூட்டர்ல தமிழ் கீபோர்டு இருக்காது, இன்ஸ்டால் பண்ண அட்மின் பாஸ்வேர்டு வெச்சிருக்கற அண்ணன் அன்னிக்கு லீவு. கவலப்பட வேணாம், விக்கிப்பீடியாவுக்குள்ளயே தமிழ்99 இருக்கு, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற முறையும் இருக்கு, கன்ட்ரோல் எம் அழுத்தினா மாறிக்கும். தமிழ்99 பொறந்ததே நம்ம ஊர்லதான், 1999-ல சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டுல முடிவான லேஅவுட், ஆனா சென்னை காலேஜ் பசங்களுக்கு அது தெரியாது, நீங்க அத கத்துக் குடுக்கறேன்னு ஆரம்பிச்சா அன்னிக்குப் பொழுது அதுலயே போயிடும். தங்கிலீஷ்ல அடிக்க விடுங்க, பிடிச்சுப்போச்சுன்னா அவங்களே மாறுவாங்க.

சரி, இதெல்லாம் சின்னத் தப்புங்க. பெரிய தப்பு, எத்தன பேர் வந்தாங்கன்னு எண்ணுறது. ரிப்போர்ட்ல "60 பேர் பங்கேற்றனர்"னு போட்டு குரூப் போட்டோ ஒட்டினா காலேஜுக்கும் சந்தோஷம் நமக்கும் சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு அந்தக் கணக்குங்களோட பங்களிப்புப் பக்கத்தத் திறந்து பாருங்க, காலியா கெடக்கும். சென்னைக்கு கலைக்களஞ்சியம் ஒண்ணும் புதுசு இல்லையே, பெரியசாமித் தூரன் ஆசிரியரா இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் போட்டதுல மொதல் தொகுதி வந்தது 1954, பத்தாவது தொகுதி வந்தப்போ 1968. அத்தன வருஷம் ஒரே வேலையில ஒக்காந்திருந்தாங்க. நம்மகிட்ட இருக்கறது சம்பளம் வாங்காத ஆளுங்க, நாளைக்கே வரலன்னாலும் யாரும் ஏன்னு கேக்க முடியாது, அதனால அவங்க திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் நாமதான் உண்டாக்கணும். ஒரு பெரிய விழாவுக்கு பதிலா மாசம் ரெண்டு சனிக்கிழமை ஒரே இடம் ஒரே நேரம்னு வைங்க, எட்டு பேர் வந்தா போதும், டீயும் பஜ்ஜியும் இருந்தா இன்னும் நல்லது. நூலகம் பக்கத்துல இருந்தா ரொம்ப வசதி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ எழும்பூர் கன்னிமாராவோ, சான்று வேணும்னா எழுந்து போய் புத்தகத்த எடுத்துப் பாத்துட்டு வரலாம்.

மார்க். இத சொல்லாம விட முடியாது. "ஆளுக்கு ஒரு கட்டுரை, ஐநூறு வார்த்தை, வெள்ளிக்கிழமைக்குள்ள, இன்டர்னல் மார்க் உண்டு"ன்னு ஒரு பேராசிரியர் அறிவிச்சா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், எங்கேருந்தாவது அள்ளிட்டு வந்து கொட்டுவாங்க. இது பெரிய அளவுல நடந்தே இருக்கு. 2011-ல விக்கிமீடியா அறக்கட்டளை பூனேல சில கல்லூரிகள்ல ஒரு கல்வித் திட்டம் ஆரம்பிச்சுது, நூத்துக்கணக்கான மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவுல எழுதணும்னு ஏற்பாடு, புத்தகத்துலேருந்தும் வெப்சைட்டுலேருந்தும் அப்படியே காப்பியடிச்சது மலை மாதிரி குவிஞ்சு, அங்க ரொம்ப நாளா எழுதற பழைய ஆளுங்க துப்புரவு பண்ணியே ஓஞ்சு போயி, அந்த வருஷம் நவம்பர்லயே திட்டத்த நிறுத்திட்டாங்க. சொல்லித்தர வந்தவங்கள்லயே பல பேருக்கு அப்போ எடிட் பண்ணி பெருசா அனுபவம் இல்ல, பசங்களத் திட்டி என்ன பிரயோசனம். மார்க் குடுத்தே ஆகணும்னா நீளத்துக்குக் குடுக்காதீங்க. இருக்கற கட்டுரையில சான்று இல்லாத அஞ்சு வரியக் கண்டுபிடிச்சு சான்று சேக்கறது, அத பேச்சுப் பக்கத்துல, அதாவது கட்டுரையப் பத்தி பேசறதுக்குன்னு கூடவே இருக்கற பக்கத்துல, விளக்கறது, இதுக்கு மார்க் குடுங்க. இப்போ ஏஐ வேற வந்தாச்சு, இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோட சான்று குடுக்குது, அதனால அந்தப் புத்தகத்த கையில வெச்சுக் காட்டச் சொல்லுங்க.

மொழிபெயர்ப்புல சுலபமா எண்ணிக்கைய ஏத்தலாம்னு நெனைக்கறதும் இதே ஜாதி தப்புதான். 2009, 2010 வாக்குல கூகுள் காசு குடுத்து ஆள் வெச்சு ஆங்கிலக் கட்டுரைங்கள தமிழாக்கி தமிழ் விக்கிப்பீடியாவுல போட்டுச்சு, நீள நீளமான கட்டுரைங்க, ஆனா படிச்சா வாயில நுழையாத தமிழ், எழுதினவங்க காசு வாங்கிட்டுப் போயிட்டாங்க, திருத்தற வேலை தன்னார்வலர் தலையில விழுந்துச்சு.

அடுத்தது மொதல் கட்டுரை. புதுசா வர்றவங்க பத்துல எட்டு பேர் தன் காலேஜ், தன் எச்ஓடி, தன் தெரு பிள்ளையார் கோயில், மாமா நடிச்ச குறும்படம், இதப் பத்திதான் எழுதுவாங்க. பாசம்தான், தப்பு சொல்லல. ஆனா குறிப்பிடத்தக்கமைன்னு ஒரு விதி இருக்கு, நம்மளச் சாராத ஆளுங்க அதப் பத்தி விரிவா எழுதியிருக்கணும், அது இல்லன்னா கட்டுரை சாயங்காலத்துக்குள்ள நீக்கப்படும், அந்தப் பையன் திரும்ப வரவே மாட்டான். அதனால மொதல் மாசம் புதுக் கட்டுரையே வேணாம்னு நான் சொல்லுவேன். விக்கிமூலத்துல உக்கார வைங்க, அது விக்கிப்பீடியாவோட கூடப்பொறந்த தளம், பழைய புத்தகங்கள எழுத்தாக்கி வைக்கற இடம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கின புத்தகங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலமா 2000-க்கும் மேல அங்க வந்திருக்கு, இடது பக்கம் கம்ப்யூட்டர் படிச்சு எடுத்த எழுத்து, வலது பக்கம் புத்தகத்தோட ஸ்கேன், பாத்துப் பாத்துப் பிழை திருத்தணும், யாரும் நீக்க மாட்டாங்க, யாரோடயும் சண்ட வராது. ஒருத்தர் திருத்தினா பக்கம் மஞ்சளாகும், பச்சையாகணும்னா இன்னொருத்தர் சரிபாத்தாகணும், ஒரே ஆள் ரெண்டும் பண்ண முடியாது. கிளப்புக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல? "அக்கா, என் பக்கத்த பச்சையாக்குங்க"ன்னு பசங்க கெஞ்சறதப் பாத்திருக்கேன்.

போட்டோ வாக் போறவங்களுக்கு ஒண்ணு. மயிலாப்பூர், பாரிமுனைன்னு சுத்தி கட்டடம், சிலை எடுத்து விக்கிமீடியாவோட படக் கிடங்கான காமன்ஸ்ல போடலாம், நம்ம காப்புரிமைச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஆனா செவுத்துல ஒட்டின சினிமா போஸ்டர், பேனர் மட்டும் தெரியற மாதிரி எடுத்தா அது போஸ்டர் வரைஞ்சவங்க உரிமை, நீக்கிடுவாங்க. வாட்ஸ்அப்ல வந்த படத்த "சொந்தப் படைப்பு"ன்னு ஏத்தறது பத்தி பேசவே வேணாம்.

வாட்ஸ்அப்னதும் ஞாபகம் வருது, கிளப்புக்கு குரூப் இருக்கட்டும், எத்தன மணிக்கு எங்க கூடறோம்னு சொல்றதுக்கு. கட்டுரை பத்தின முடிவ அங்க எடுக்காதீங்க. யாழ்ப்பாணத்துலயோ டொரண்டோவுலயோ இருக்கற ஒரு பயனருக்கு உங்க குரூப்ல என்ன பேசினீங்கன்னு தெரியாது, திடீர்னு பத்துப் புதுக் கணக்கு ஒரே பக்கத்துல ஒரே மாதிரி மாத்தினா ஒரே ஆள் பல பேர்ல நடத்தற கள்ளக் கணக்குன்னுதான் அவர் சந்தேகப்படுவார், நானா இருந்தாலும் அப்படித்தான். பட்டறைக்கு முன்னாடியே ஆலமரத்தடியில, அதாவது தமிழ் விக்கிப்பீடியாவுல எல்லாரும் கூடிப் பேசற பக்கத்துல, ஒரு அறிவிப்பு போட்டு, எந்த நாள், எத்தன பேர், என்ன பண்ணப் போறோம்னு எழுதிட்டா அவங்களே கை குடுப்பாங்க. பழைய ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை, புதுப் பயனரோட பேச்சுப் பக்கத்துல ரெடிமேடா இருக்கற எச்சரிக்கை வார்ப்புருவ ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வரி கைப்பட எழுதுங்க சாமி.

கடைசியா, மூணாம் வருஷப் பசங்கள பொறுப்பாளர் ஆக்கறது. சுறுசுறுப்பா இருப்பாங்கதான், ஆனா ஏப்ரல்ல பரீட்சை, மே மாசம் ஓஎம்ஆர் பக்கம் வேலைக்குப் போயிடுவாங்க, ஜூன்ல காலேஜ் தொறக்கறப்போ கிளப் மெயிலோட பாஸ்வேர்டு கூட யாருக்கும் தெரியாது. ரெண்டாம் வருஷத்துலேருந்து ரெண்டு பேர், கூட ஒரு நூலகர், இப்படி வைங்க. நூலகர் எங்கயும் போக மாட்டார், லேப் சாவி யார்கிட்ட இருக்குன்னும் அவருக்குத்தான் தெரியும்.