கிராமத்தில் அன்பியக் கூட்டம் நடத்துவது எப்படி

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளைக்கிராமம். ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற வாரங்களில் எங்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அன்பியம்தான், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, உண்டானது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அதற்குள் அடங்கும். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய பங்குகள் (பங்குக் குருவின் பொறுப்பில் உள்ள ஊர்க் கோவில்கள்) இருக்கும் அதே மறைமாவட்டத்தில், பத்துப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் உள்ள எங்களைப் போன்ற சிற்றூர்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் புதிதாகப் பொறுப்பு எடுத்திருக்கும் அக்கா தங்கைகளுக்காகவும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் வீடு. கூட்டம் வீடு வீடாகச் சுற்ற வேண்டும். ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது. மாடி வீட்டில் இடம் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது என்று அங்கேயே திரும்பத் திரும்ப வைத்தால், கடைசித் தெருவில் தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் மெல்ல வராமல் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டில் ஆறு பேர்தான் உட்கார முடியுமா? சரி, மற்றவர்கள் வாசலில் தார்ப்பாய் விரித்து உட்காரட்டும். சேர் போடாதீர்கள். சேர் போட்டால் யார் சேரில், யார் கீழே என்ற கணக்கு வந்துவிடும். இன்னொன்று, அதை நான் அழுத்திச் சொல்கிறேன்: எந்தத் தெரு வீடானாலும் அங்கே கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். பூசையில் ஒரே கிண்ணத்தில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் ஒருவர் வீட்டுச் சொம்பைத் தொடத் தயங்கினால், அந்தக் கூட்டத்தில் நாம் சொல்லும் எந்தச் செபமும் அந்த வீட்டுக்காரர் காதில் ஏறாது.

பலகாரம் வேண்டாம். தண்ணீரோ சுக்குக் காப்பியோ போதும் என்று முதல் கூட்டத்திலேயே எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிடுங்கள். ஒரு வீட்டில் போண்டா போட்டால் அடுத்த வீட்டுக்காரி கடன் வாங்கியாவது வடை சுடுவாள், அல்லது "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தன் முறையைத் தள்ளிப் போடுவாள்.

நேரத்தை ஊரின் வேலையைப் பார்த்து வையுங்கள். ஓசூர் கம்பெனிக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போகிற ஆண்கள் சனிக்கிழமை இரவுதான் ஊர் திரும்புவார்கள். வாரத்தின் நடுவில் வைத்தால் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். அதிலும் தப்பில்லை, ஆனால் மாதத்தில் ஒன்றையாவது ஞாயிறு மாலையில் வையுங்கள். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிகள் ஓடும்போது பெண்கள் ராத்திரி ஷிப்டுக்குப் போவார்கள். அந்த மாதங்களில் கூட்டத்தைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் எப்போதும் வேண்டாம். மைக் செட் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும்.

இனி கூட்டத்தின் முறை. நாங்கள் ஏழு படி நற்செய்திப் பகிர்வைப் பின்பற்றுகிறோம். தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற மறைப்பணி நிலையத்திலிருந்து பரவிய முறை இது. ஃபாதர் பக்கத்தில் இல்லாமலே சனங்கள் தாங்களாகச் செய்துகொள்ள முடியும் என்பதால் எங்கள் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பாட்டுப் பாடி, இயேசுவை நம் நடுவே வரும்படி ஒருவர் சொந்த வார்த்தையில் அழைப்பது முதல் படி. இரண்டாவது, வாசகம், அதாவது வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிப்பது. இதை ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், ஆனால் முந்தின ஞாயிறே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் பாட்டிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு வரட்டும். பாட்டியும் அதைக் கேட்டுவிட்டு வருவாள் என்பது நமக்கு லாபம்.

மூன்றாவது படிதான் இந்த முறையின் உயிர். வாசகத்தில் மனசில் தைத்த ஒரு சொல்லையோ ஒரு வரியையோ எடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், மூன்று தடவை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கொஞ்சம் மௌனம். பிறகு இன்னொருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள். லத்தீன் பூசையில் வளர்ந்த கிழவிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பூசையைத் தாய்மொழியில் நடத்த வழி திறந்தது 1963இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். அந்தக் கிழவிகள் செபமாலையை மணி தவறாமல் சொல்வார்கள், வேதாகமத்தை மட்டும் யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. இந்தப் படிக்குக் கண் தேவையில்லை, காது போதும்.

ஒரு தடவை மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமை. வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி "எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை" என்ற வரியை மூன்று தடவை சொன்னார். பகிர்வு நேரத்தில் அவரே பேசினார்: "காலையில மேஸ்திரி ஆள் எடுக்கிறப்ப வயசானவன்னு என்னை விட்டுட்டுப் போயிட்டான். சாயங்காலம் வரைக்கும் நின்னவனுக்கும் ஆண்டவர் முழுக்கூலி குடுத்தாரே." அன்றைக்கு வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை.

நான்காவது படி மௌனம், மூன்று நான்கு நிமிடம். குழந்தை அழுதால் அழட்டும்.

ஐந்தாவது, பகிர்வு. பொறுப்பாளருக்கு உண்மையான வேலை இங்கேதான். "நான்" என்று பேச வைக்க வேண்டும். "நாம எல்லாரும் இப்படித்தான், நீங்க திருந்தணும்" என்று யாராவது ஆரம்பித்தால், "உங்களுக்கு இந்த வாரம் என்ன தோணுச்சுண்ணா?" என்று பக்குவமாகத் திருப்புங்கள். யார் சொன்னதையும் திருத்தாதீர்கள். நீளமாகப் பேசுகிறவருக்குப் பாட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் மரியாதை, மற்றவர்களுக்கும் நேரம். ஒருவர் அழுதால் உடனே பாட்டை எடுத்து அழுகையை மூடாதீர்கள், காத்திருங்கள். அங்கே சொன்னது குழாயடிக்குப் போகக் கூடாது. ஒரு தடவை போனால் அந்த வீடு மறுபடி வாய் திறக்காது.

ஆறாவது படியில் ஒரே ஒரு வேலையை முடிவு செய்யுங்கள்: யார், எப்போது என்பதோடு. ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போவது, விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பது, நூறு நாள் வேலை அட்டைக்கு ஒருவருடன் துணைக்குப் போவது. அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஏழாவது, மன்றாட்டுகள், "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்லி முடிக்கலாம்.

பக்கத்து இந்து வீட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். தார்ப்பாயில் நகர்ந்து இடம் கொடுங்கள். காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளைக்காகச் செபிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். இயேசுவைப் பற்றிக் கேட்டால் அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அவர்கள் கும்பிடும் மாரியம்மனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசக் கூடாது. வரச் சொல்லி வற்புறுத்துவதும் கூடாது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கலைவதற்கு முன்பே அடுத்த வீடு எது, எந்த வாசகம், எந்தப் பிள்ளை வாசிக்கும், ஏற்றுக்கொண்ட வேலை யாருடையது என்று எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். மாதக் கடைசியில் ஃபாதர் வரும்போது அந்த நோட்டையே அவரிடம் கொடுத்துவிடலாம்.