அணு மாதிரிகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர், ஷ்ரோடிங்கர். அணு எப்படியிருக்கும் என்று மாதிரி சொன்னவர்களின் இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்பவர்களில் பலர், முன்னால் வந்தவர் தப்பு, பின்னால் வந்தவர் சரி என்றே நினைக்கிறார்கள். மற்ற குழப்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒவ்வொரு மாதிரியும் அந்தக் காலத்தில் எழுந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதில்.

டால்டனுக்கு எடைக் கணக்குதான் கேள்வி: தனிமங்கள் சேரும்போது ஏன் எப்போதும் ஒரே விகிதத்தில் சேர்கின்றன? அதற்கு ஒரு கெட்டி உருண்டையே போதும். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று அவர் கணித்தது தவறுதான். ஆனாலும் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது இன்றும் நாம் எண்ணுவது அந்த உருண்டைகளைத்தான்.

தாம்சனின் 1904 மாதிரிக்கு 'பிளம் புட்டிங்' என்று பேர் வைத்தவர் அவரல்ல. புட்டிங்கில் பதிந்த பழம்போல எலக்ட்ரான்கள் அசையாமல் இருக்கின்றன என்றும் எழுதாதீர்கள். அவர் மாதிரியில் அவை வளையம் வளையமாகச் சுற்றின.

மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (நேர்மின்சுமை கொண்ட, வேகமாகப் பாயும் துகள்கள்) செலுத்திப் பார்த்த தங்கத் தகடு சோதனையில்தான் தவறுகள் அதிகம். ரூதர்ஃபோர்டு செய்தார் என்று எழுதுகிறோம். ஆனால் மான்செஸ்டரில் இருட்டறையில் உட்கார்ந்து, துகள் படும்போதெல்லாம் துத்தநாக சல்பைடு திரையில் மின்னிய ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் அவருடைய உதவியாளர் கைகரும் மாணவர் மார்ஸ்டெனும். தங்கம் மட்டுமல்ல, பல உலோகங்களில் செய்து பார்த்தார்கள். '8000 துகளுக்கு ஒன்று திரும்பியது' என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கு பிளாட்டினத்துக்கு வந்தது. அப்புறம், "சில ஆல்ஃபா துகள்கள் திரும்பின, எனவே அணுக்கரு உண்டு" என்று ஒரே தாவலில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. தாம்சன் சொன்னதுபோல நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவியிருந்தால், எந்த இடத்திலும் மின்புலம் அவ்வளவு வலுவாக இருக்காது. வேகமாக வரும் ஆல்ஃபாவைத் திருப்பியடிக்க முடியாது. பல அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கலாமே என்றால், அதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று ரூதர்ஃபோர்டு 1911இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரே மோதலில் திருப்ப வேண்டுமென்றால் மின்சுமை ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்க வேண்டும். அது நேர்மின்சுமையா எதிர்மின்சுமையா என்பதைக்கூட அந்தக் கட்டுரையில் அவர் முடிவு செய்யவில்லை.

அப்படியிருக்க, 'ரூதர்ஃபோர்டு மாதிரி' படத்தின் நடுவில் நியூட்ரான்களை வரைவது எவ்வளவு அபத்தம்! சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932இல். படத்தின் அளவும் ஏமாற்றும். தங்க அணுக்கருவை 1 செ.மீ. குறுக்களவில் வரைந்தால், அணு ஏறக்குறைய 200 மீட்டர் போகும்.

சரி, போர். சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து அணுக்கருவில் விழ வேண்டுமே, ஏன் விழவில்லை? ஹைட்ரஜன் நிறமாலையில், அதாவது அது வெளியிடும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், ஏன் தனித்தனிக் கோடுகள்? எலக்ட்ரான் குறிப்பிட்ட சில வட்டப் பாதைகளில் மட்டுமே சுற்றும் என்று 1913இல் இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னார். இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே அது தடுமாறியது. 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்ததும் பாதை போய், மேகம் வந்தது. எலக்ட்ரானே பஞ்சுபோலப் பரவிக்கிடக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. தேடினால் எங்கே அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த மேகம் காட்டுகிறது. ஹைட்ரஜனின் அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) அந்த வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் தூரத்தைக் கணக்கிட்டால் 0.053 நானோமீட்டர் வருகிறது. போர் தன் முதல் வட்டத்துக்குச் சொன்ன ஆரமும் அதேதான்.