ஆடியோ சிஸ்டத்துக்கு மின் பாதுகாப்பு: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது, கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் பவர் கண்டிஷனரில் எது நல்லது என்றுதான். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் எர்த், அடுத்து சர்ஜைத் (திடீரென எகிறும் வோல்டேஜ்) தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர், அப்புறம் தேவைப்பட்டால் மட்டும் கண்டிஷனர்.

படி 1: எர்த்தைச் சோதியுங்கள்

மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரைச் செருகினால், எர்த் வயர் இருக்கிறதா, லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எர்த்தின் தரத்தை அது காட்டாது. அதை எலக்ட்ரீசியன்தான் அளந்து சொல்ல வேண்டும். எர்த் சரியில்லையென்றால் மேற்கொண்டு எதுவும் வாங்காதீர்கள். எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டிய சர்ஜுக்குப் போக வழியே இருக்காது.

படி 2: சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்குங்கள்

ஸ்டெபிலைசர் இருக்கிறதே, போதாதா? போதாது. அதன் ரிலே ஸ்விட்ச் மாறுவதற்கே சில மில்லிசெகண்டுகள் ஆகும். சர்ஜோ மைக்ரோசெகண்டுகளில் வேலையை முடித்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது ப்ரொடெக்டருக்குள் இருக்கும் எம்ஓவி. இரண்டு கால்கள் வைத்த சின்ன வட்டவில்லை அது. வோல்டேஜ் எல்லை மீறியதும் மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடும்.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். எவ்வளவு சர்ஜ் ஆற்றலைத் தாங்கும் என்று சொல்லும் ஜூல் அளவு அதிகமாக இருக்க வேண்டும். ஆயிரத்துக்குக் குறைந்தால் நான் வாங்க மாட்டேன். சர்ஜை எந்த வோல்டேஜுக்குள் அடக்கும் என்று சொல்லும் கிளாம்பிங் வோல்டேஜ் குறைவாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பெரிய சர்ஜும் எம்ஓவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். அது செத்த பிறகும் சில மாடல்களில் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும், பாட்டும் கேட்கும். ஸ்விட்சில் எரியும் விளக்கு கரண்ட் வருகிறது என்று மட்டுமே சொல்லும். பாதுகாப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் தனி விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது அணைந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

படி 3: எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகுங்கள்

ஆம்ப், டிவி, சப்வூஃபர் எல்லாம் ஒரே ப்ரொடெக்டரில் இருந்தால் ஹம் வருவதும் குறையும். வெவ்வேறு சாக்கெட்டுகளின் எர்த்துக்கு இடையே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடி 'ஊம்' என்று கேட்கும். அப்படியும் ஹம் இருந்தால் டிவிக்கு வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், அந்த கேபிளில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை விட்டுவிட்டு, ஷீல்டில் ஓடும் கரண்டைத் தடுக்கும் சாதனம்) போட்டால் தீர்ந்தது. எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

இடி மின்னல் நெருங்கும் முன்பே பிளக்கோடு ஆன்டெனா, நெட்வொர்க் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். சர்ஜ் அந்த வழியாகவும் நுழையும்.

படி 4: கண்டிஷனர் வேண்டுமா?

டிம்மர், மலிவான சார்ஜர் போன்றவை கிளப்பும் உயர் அலைவரிசை இரைச்சலைக் கண்டிஷனரின் ஃபில்டர் குறைக்கும். ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் நிற்கிறதோ, அதை மாற்றினாலே போதும். அப்படியும் போகாவிட்டால் கண்டிஷனர் வாங்கலாம்; உங்கள் ஆம்ப் இழுக்கும் ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள்.